ஐந்து புள்ளி ஒன்று

இதைச் சொன்னால் என் அக்காவே, "தனியா இருந்து இருந்து உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள். பிடிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

என் கணவருக்குக் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்வதில் பைத்தியம். அதாவது, அதன் மூளையான ப்ராசஸரை, செய்தவர்கள் சொன்ன வேகத்தைத் தாண்டி விரட்டுவது. வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸர் தானாக வேகத்தையும் மின்சாரத்தையும் குறைத்துக்கொண்டு ஓய்வெடுக்குமாம். அப்படி ஏறி இறங்கினால் மெஷின் நின்றுவிடுகிறது என்று அந்த ஓய்வையே அவர் அணைத்து வைத்தார். வேலை செய்தாலும் வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். சும்மா இருந்தாலும் 5.1. உள்ளே இருக்கும் ஃபேன் ராத்திரி முழுக்க இரையும்.

"வேலையே இல்லாம எதுக்குங்க இப்படி ஓடுது? உங்கள மாதிரியே."

"பழகிடும்டி."

பழகியும்விட்டது. ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்த நாற்காலியிலேயே, வேலை பார்த்துக்கொண்டே போய்விட்டார். தூங்கச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை. இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

சில மாதங்களில் மெஷின் படுத்துவிட்டது. ரிப்பேர் கடைத் தம்பி எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார்.

"அண்ணன் மாத்தினதையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. இனிமே வேலை இல்லாதப்ப அதுவா அடங்கிடும்."

அடங்கியது. வீடே அடங்கியது. அந்த அமைதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குக்கரோடும் கதவோடும் பேச ஆரம்பித்தேன்.

ஒருநாள் இரவு 2.10. விழிப்பு வந்தது.

ர்ர்ர்ர்ர்...

அதே இரைச்சல். எழுந்து போனேன். படுக்கும்முன் நான் அணைத்த திரை எரிந்துகொண்டிருந்தது. எந்த வேலையும் ஓடவில்லை. மூலையில் வேகம் காட்டும் எண்...

5.1.

மேசையோடு ஒட்டி வைத்திருந்த நாற்காலி விலகியிருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு...

பயந்தேன். ஆனால் அதைவிட, தனியாக இல்லை என்ற சந்தோஷம். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"என்னங்க..."

இரைச்சல் ஏறியது.

"போதுங்க. படுங்க."

இன்னும் ஏறியது...

பிளக்கைப் பிடுங்கினேன்.

நின்றது.

காலையில் கடைக்குப் போன் செய்து, வேகத்தை மட்டும் சொன்னேன். தம்பி சிரித்தார்.

"வாய்ப்பே இல்லக்கா. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல... அண்ணனோட ப்ராசஸர் போயிடுச்சு. என்கிட்ட கிடந்த வேற ஒண்ணத்தான் போட்டேன். அதுல வேகத்தை ஏத்தவே முடியாது."

"பழசு எங்க தம்பி?"

"இங்கதான், டிராயர்ல. இருங்க..."

டிராயர் இழுபடும் சத்தம். ஒரு "ஸ்ஸ்..." ஏதோ தரையில் விழுந்தது.

"என்னாச்சு தம்பி?"

"சுடுதுக்கா..."

வயர் இல்லை. மின்சாரம் இல்லை. வெறும் டிராயர்.

அவர் இன்னும் தூங்கவில்லை.