இடது பக்கத்துப் பெடல்

என் தையல் டப்பாவில், பித்தான்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே, ஒரு குழந்தை சைக்கிளின் பெடல் கிடக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. கறுப்பு பிளாஸ்டிக், ஓரத்தில் ஆரஞ்சு வில்லை, நடுவில் துருவேறிய தண்டு. போன மாதம்வரை இரண்டு இருந்தன. இருபது வருடமாக, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தேடும்போதெல்லாம் இரண்டும் விரலில் தட்டுப்படும். “இந்தக் குப்பைய எதுக்கும்மா வெச்சிருக்க?” என்று என் மகனே கேட்டிருக்கிறான், அது அவன் ஓட்டிய சைக்கிளின் பெடல் என்பது தெரியாமல். கிடக்கட்டும் என்று சொல்லி மூடிவிடுவேன். என் ஓரகத்தியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நினைக்காமல் அந்தப் பெடலை என்னால் தொட முடிந்ததில்லை.

ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான் மருமகளாகக் காலெடுத்து வைத்தபோது அவள் அந்த வீட்டில் எட்டு வருடம் கழித்திருந்தாள். வீடு கோவிலம்பாக்கத்தில். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலமாம். நான் போனபோது மிஞ்சியிருந்தது வயல் கிணறு மட்டும்தான். அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து லாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார் மாமனார். விடிவதற்குள் முதல் லாரி வந்துவிடும், அப்புறம் பொழுது சாயும்வரை உறுமல்தான். கிணறு வெளியே இருக்க, வீட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் மதில். முன்னால் இரட்டைக் கதவு இரும்பு கேட், அதற்குள் ஒரு ஆள் குனிந்து போகிற சின்னக் கதவு. கோயிலுக்கோ கடைக்கோ போக வேண்டுமென்றால் அந்தச் சின்னக் கதவு வழியாக, அதுவும் இரண்டு பேராகப் போகலாம். பெரிய கேட்டில் எப்போதும் பூட்டுத் தொங்கும்.

அந்தப் பூட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவனின் கால், ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரியின் சக்கரத்தில் மாட்டி நசுங்கிப் போனது. அன்று சாயங்காலமே மாமனார் பூட்டு வாங்கி வந்தார். பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு, போகப்போக எங்கள் இருவருக்கும் சேர்த்தே ஆகிவிட்டது. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்களுக்குச் சோற்றுக்கோ துணிக்கோ அவர் குறை வைத்ததில்லை. “வூட்ல காரு கீது, டிரைவர் கீறான். எங்க போவணுமோ சொல்லு, கொண்டுபோய் வுடுவான். பொம்பளைங்களுக்கு ரோட்ல இன்னா வேலை?” என்பார். கார் இருந்தது உண்மை. அது எந்நேரமும் அவருடைய நிலப் பத்திர வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருந்ததும் உண்மை.

அக்காவின் அப்பா சேலையூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். மனைவி போனபிறகு தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை அக்காவுக்குக் கார் கிடைக்கும். அவள் சமைத்துக்கொண்டு போய், அவருக்குப் பரிமாறி, எதிரில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வாசலில் டிரைவர் ஹாரன் அடிப்பான். கார் திரும்பி வரவேண்டுமே. “ஹாரன் கேட்டா எங்கப்பா பாதிச் சாப்பாட்டுல கையக் கழுவிட்டு எழுந்துடுறாரு, என்னை வழியனுப்ப. அவரு ஒரு தட்டு சோறு முழுசா சாப்புடுறத ஒரு தடவ பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு” என்று ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அழவில்லை.

இந்த வீட்டில் பெரிய கேட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம். “சின்னவ பயந்தவ. அவகிட்ட இருந்தா பத்திரம்” என்று மாமனார்தான் கொடுத்தார். ஆண்கள் வண்டி வரும்போதும் போகும்போதும் நான் ஓடிப்போய்த் திறக்க வேண்டும், மூட வேண்டும். இதில் எனக்குப் பெருமை வேறு. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி நடப்பேன். இப்போது நினைத்தால் என் தலையிலேயே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

என் மகனுக்கு நாலு வயது நிறைந்தபோது சின்னச் சக்கரம் வைத்த சைக்கிள் ஒன்று வந்தது. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருக்குமே, அந்த மாதிரி. அவன் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு போவான். முட்டுச் சக்கரங்களைக் கழற்றினோம். தொப்பென்று விழுந்தான். மறுபடி அவனை ஏற்றி உட்காரவைத்தோம், நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கையை எடுத்தேன், விழுந்தான். மூன்றாவது நாள் சைக்கிளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தான். பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவன் கால் ரெண்டும் பெடல்ல மாட்டிக்கினு கீது. விழும்போது ஊன முடியல, அதான் பயப்படுறான். பெடலக் கழட்டிடு” என்றாள்.

“பெடல் இல்லாம எப்படிக்கா ஓட்டுவான்?”

“நடப்பான். நடந்துகினே இருந்தா ஒருநாள் காலத் தூக்கிடுவான்.”

அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். ஸ்பேனர் எடுத்து வந்தோம். வலது பக்கத்துப் பெடல் நாலே சுற்றில் கழன்றது. இடது பக்கம் அசையவில்லை. அதே மாதிரி, அதே திசையில் நான் முக்கி முக்கித் திருகினேன். ஸ்பேனர் மேல் ஏறியே நின்றேன். டிரைவரும் வந்து பார்த்துவிட்டு, “துரு புடிச்சிக்கிச்சுக்கா, வராது” என்று போய்விட்டான். கடைசியில் அலுத்துப்போன அக்கா, கோபத்தில் ஸ்பேனரை எதிர்ப்பக்கமாக ஓங்கித் தட்டினாள். லொடக்கென்று விட்டுக்கொடுத்தது. எல்லா சைக்கிளிலும் இடது பெடலின் மரை மட்டும் தலைகீழாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. “அடிப்பாவி, இவ்ளோ நேரம் இறுக்கிகினு இருந்திருக்கோமே!” என்று அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது குறைவு.

சீட்டை அடிவரை இறக்கி, அவனுடைய இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியும்படி வைத்தாள். போர்டிகோவிலிருந்து கேட்வரை நடந்தால் இருபத்திரண்டு எட்டு, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக லேசான சரிவு. அதுதான் அவன் சாலை. முதல் சில நாள் சைக்கிளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தான். அப்புறம் எட்டு நீளமாயிற்று. நான் பிடிக்கப் போனால் அக்கா கையைத் தட்டிவிடுவாள். “பிடிக்காத. பிடிச்சா உன் கையத்தான் நம்புவான், வண்டிய நம்ப மாட்டான்.” அவனிடம், “சக்கரத்தப் பாக்காதடா, போற எடத்தப் பாரு” என்பாள். இரண்டு வாரத்தில் காலைத் தூக்கிவிட்டான். ஐந்தாறு எட்டுத் தூரம், தரையில் கால் படாமல், வாயைப் பிளந்துகொண்டு மிதந்து வந்தான். வந்தவன் கேட்டருகே செருப்பைத் தேய்த்து நின்றான். எத்தனை முறை போனாலும் அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது.

அவன் கேட்டருகே திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அக்கா எழுந்து ஷெட்டுக்குப் போனாள். அங்கே என் கணவரின் பழைய ஸ்கூட்டர் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது, கியர் இல்லாத வண்டி. நைட்டியை ஒரு பக்கம் செருகிக்கொண்டு, தோளில் துண்டோடு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினைப் போடவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியோடு நடந்து வந்தாள். “பெரிம்மா, கீழ பாக்காத! போற எடத்தப் பாரு!” என்று என் மகன் கத்தினான். அவள் சொன்னது அத்தனையும் அவளுக்கே திரும்பி வந்தது. மாமனார் மதியத் தூக்கத்தில் இருப்பார், அவருடைய இருமல் கேட்கிறதா என்று ஜன்னலோரம் நான் காவல். கதவில் பட்ட பெயிண்ட் கறையைத் துடைக்க என்று டிரைவரிடம் ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கினாள். கிணற்று மோட்டார் ஓடி லாரி நிரம்புகிற நேரம் பார்த்துத்தான் உதைத்து ஸ்டார்ட் செய்வாள், அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் கரைந்துவிடும். இருபத்திரண்டு எட்டுப் போய், கேட்டருகே ஒடித்துத் திருப்பி, இருபத்திரண்டு எட்டு வருவாள். ஒன்றரை மாதம் இப்படி. எங்கே போகப் போகிறாள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் புடவை கட்டி, தலைவாரி, பூ வைத்து வந்தாள். வண்டியின் கொக்கியில் மூன்றடுக்குத் தூக்கு தொங்கியது. என் கணவரின் பழைய ஹெல்மெட் தலையில் லொடலொடத்தது. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, “கேட்டத் தொற. சேலையூர் போய், அவரு சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் உக்காந்துட்டு, மாமா டீ கேக்கறதுக்குள்ள வந்துடுவேன்” என்றாள். அவளுக்குப் பின்னால் என் மகன் தன் பெடல் இல்லாத சைக்கிளோடு நின்றான், பெரியம்மா போவதைப் பார்க்க.

நான் சொன்னேன், “சாவி மாமாகிட்ட கீதுக்கா. காலையிலயே வாங்கிக்கினாரு.”

சாவி என் இடுப்பில் இருந்தது. முந்தானையை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். “தொறம்மா” என்றான் என் மகன், ஒன்றும் புரியாமல். அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் தூக்கோடு மாட்டினாள். இன்ஜினை அணைத்து, முதல் நாள் வந்தது போலவே இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியை நடத்திக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தார்ப்பாயை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன்? லாரிக்குப் பயந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். லைசென்ஸ் இல்லையே, ஏதாவது ஆகியிருந்தால் என்று. மாமனாரின் சத்தத்துக்குப் பயந்தது அதைவிட உண்மை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அவள் போய்விட்டால் உள்ளே நான் மட்டும் இருப்பேன். அவள் சாயங்காலம் திரும்பி வந்தாலும், போய்வந்தவளாக வருவாள், நான் அப்படியே இருப்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான்.

அதற்குப் பிறகு அவள் ஷெட் பக்கம் போகவில்லை. என்னிடம் முகம் சுளிக்கவும் இல்லை, பேசினாள், சேர்ந்து சமைத்தாள். “பெரிம்மாதான் பெடல மாட்டணும்” என்று என் மகன் அடம்பிடித்தான். அவளைக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. அதற்குள் அவன் வளர்ந்துவிட்டான், பெரிய சைக்கிள் வந்தது, ஏறிய முதல் நாளே விழாமல் ஓட்டினான். அடுத்த பொங்கல் கழிந்து அக்காவின் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அன்றைக்குக் கார் நாள் முழுக்க அங்கேயே நின்றது. அவர் வீட்டு அடுப்பு மேடையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது, அதில் பாதிச் சோறு. அக்கா அந்தத் தட்டை யாரையும் கழுவ விடவில்லை, தானே கழுவினாள்.

இப்போது மாமனார் இல்லை. கிணற்றை மூடி, வீட்டை இடித்து, அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அக்கா இரண்டாவது மாடி, நான் முதல் மாடி. அவளுடைய மகள் வயிற்றுப் பேத்திக்கு மூன்று வயது. போன மாதம் அதற்கு ஒரு சைக்கிள் வந்தது. பெடலே வைக்காமல் கடையிலேயே விற்கிறார்கள், பேலன்ஸ் பைக் என்று பெயராம். குழந்தை கார் நிறுத்துமிடத்தில் வாத்து மாதிரி நடந்துகொண்டிருந்தது. மூட்டுவலியோடு நாற்காலியில் உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே போய் இரண்டு பெடலையும் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

ஒன்றை எடுத்து மரையை விரலால் தடவினாள். “இதான் எடது பக்கம். நம்மள அந்தப் பாடு படுத்திச்சே.”

“அக்கா, அன்னைக்கு சாவி என்கிட்டதான் இருந்திச்சு.”

“தெரியும். நீ கேட்டாண்ட நடந்து வந்தப்பவே சாவிக்கொத்து சத்தம் கேட்டுச்சு.”

“அப்ப ஏன்க்கா கேக்கல?”

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கேட்டிருந்தா நீ குடுத்துட்டிருப்ப. அப்புறம் நான் போயிருக்கணுமே.”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. யாரோ வண்டியை எடுக்க, வாட்ச்மேன் கேட்டைத் தள்ளித் திறந்தார். குழந்தை இரண்டு காலையும் ஊன்றி நின்று வெளியே பார்த்தது. கேட் மூடியதும் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது பெடலை என்னிடம் நீட்டினாள். இடதைக் கையில் வைத்துக்கொண்டே லிஃப்டுக்குப் போனாள்.

நான் வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, மிஞ்சிய பெடலை உள்ளே போட்டேன். பித்தான்களுக்கு அடியில் அந்தப் பழைய கேட்டின் சாவியும் கிடக்கிறது. அதை நான் அவளிடம் காட்டவில்லை.