இல்லாதவருக்கும் ஒரு வேடம்

கதை விளையாட்டு நடத்துகிறவனும் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவனும் ஒன்றுதான். இலையில் இருப்பதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இன்னும் வராததைத்தான் கேட்பார்கள்.

எங்கள் விளையாட்டு எளிது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கொரு வேடம்: வீரன், வைத்தியர், ஒற்றன். நான் கதை சொல்வேன். அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் கூடுகிறோம். விதிப் புத்தகம் நான் எழுதியது. சும்மா இருக்காமல், "கூடுதல் புத்தகம் போடப்போறேன், புதுசா என்ன வேடம் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

யாரு மகன்?

முருகேசன் அண்ணன் குன்றாண்டார்கோவிலிலிருந்து வருகிறவர், பஸ் கண்டக்டர். ஒருநாள் கோட்டை வாசலில் ஒரு காவலனை நிறுத்தினேன். தலையில் கொம்பு, கையில் கோடரி. அண்ணனின் வீரன் கத்தியை உருவவே இல்லை. "தம்பி எந்த ஊரு? யாரு மகன்?" என்று ஆரம்பித்தார். வாய்க்கு வந்த ஊர் ஒன்றைச் சொன்னேன். அந்த ஊரில்தான் தன் அக்காளைக் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். காவலன் மச்சான் முறை ஆகி, உள்ளே கூட்டிப்போய்ச் சோறும் போட்டான்.

இதையே 'உறவு விசாரிப்பவர்' என்று தனி வேடமாகப் போடச் சொன்னார். அப்புறம் சண்டையே வராதே என்றேன்.

"அட, சொந்தமான பொறவுதான் தம்பி சண்டையே ஆரம்பிக்கும்."

வரங்கள்

கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கும் பாலா, பறக்கிற, மறைகிற, சாகாத ஒரு வேடம் கேட்டான். எல்லாரும் அதையே எடுத்துக்கொண்டால் ஆட்டம் என்னாவது என்றேன்.

"புத்தகத்துல போடுங்கண்ணே. ஆனா வேற யாருக்கும் காட்டாதீங்க."

கம்மாய்க்கரை

செல்வி அக்காவுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு, கொஞ்சம் வயல். தண்ணீரை ஏவும் மந்திரக்காரி வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன், நானே மெச்சிக்கொண்ட வேடம் அது. மேட்டில் கம்மாய், பள்ளத்தில் அரக்கர் படை. கரையை உடைத்தால் படை காலி. அதற்கென்றே அமைத்த காட்சி. "ஒடைங்கக்கா, ஒடைங்க" என்று மற்றவர்கள் கத்துகிறார்கள். அக்கா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்ட மறுத்துவிட்டார். படை ஏறி வந்து ஊரைக் கொளுத்தியது. எங்களுக்கெல்லாம் எரிச்சல். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"ஊரத் திரும்பக் கட்டிக்கலாம். அடுத்த மழை எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

வெளியூர் போனவர்

நஸீர் பாய் கடற்கரைப் பக்கத்துக்காரர். குவைத் வேலைக்கு மறுபடி விசா வரும்வரை ஊரில் இருந்தார். எங்கள் கதையில் படகோட்டி. என் விதிப்படி, தொடர்ந்து வராதவரின் வேடம் கதையில் செத்துப்போகும். விசா வந்ததும் அவர் ஒரு புது வேடம் கேட்டார்: 'வெளியூர் போனவர்'. ஆட்டத்துக்கு ஒரு தடவை அவரிடமிருந்து சேதி வரும், அது பலிக்கும், ஆள் சாக மாட்டார்.

இல்லாதவருக்கு எதற்குச் சக்தி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டுல நான் இல்லாமயே எல்லாம் நடக்கப் பழகிருச்சு தம்பி. இங்கயும் கொன்னுட்டீங்கன்னா, நான் எங்கிட்டு வர்றது?" என்றார். அன்றைக்கே எழுதினேன்.

அவர் போன பிறகு நடந்த ஆட்டத்தில் கடலில் புயல். படகோட்ட ஆளில்லை. நிலைமையைச் சொல்லி அவருக்குக் குரல் சேதி அனுப்பிவிட்டு எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். குவைத்தில் ஞாயிறு வேலை நாள். பதிலைக் காணோம். இனி விதிவிட்ட வழி என்று முருகேசன் அண்ணன் பகடையை எடுத்தார். அப்போது போன் ஒலித்தது. பின்னால் லாரி இரைச்சல். அதற்கு மேலே நஸீர் பாய் கத்திப் பேசுகிறார்.

"நங்கூரத்தப் போட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க, காத்து கெழக்கால திரும்பிரும். டீ டைம் முடிஞ்சிருச்சு, வாரேன்."

கூடுதல் புத்தகத்தின் அட்டையில் எழுதியவர் என்று என் பெயர்தான் இருக்கிறது. உள்ளே நானாக எழுதியது பக்க எண்கள் மட்டும்தான்.