அறுக்காமல் விட்ட கிளை

சாலைக் கடைவீதிக்கு அடியில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளில் தாணுமாலையன் கைபடாதவை குறைவு. பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு 1979இல் தொலைபேசித் துறையில் மஸ்தூர் என்னும் கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்தவன், கேபிள் இணைப்பவனாக உயர்ந்தான். இருபது வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

1999 ஜூலையில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஐ.எஸ்.டி.என். இணைப்புக் கொடுத்தார்கள். ஒரே ஜோடிக் கம்பியில் பேசவும் செய்யலாம், கம்ப்யூட்டர் வழியாகப் படம் அனுப்பவும் செய்யலாம். இங்கே எடுத்த தலைப் படத்தை வெளியூர் டாக்டர் சற்று நேரத்தில் பார்த்துவிடுவார். ஆனால் மழை பெய்தால் இணைப்பு போய்விடும். மூன்று வாரமாக இதே கதை.

அந்தக் கம்பியைக் கடைசியாக முறுக்கி இணைத்தவன் தாசையன். பத்து வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த மாதம்தான் அவன் பெயர் ஏறியிருந்தது. மலையாளம் கலந்து பேசும் பொறியாளர் அஜிதா அவனைக் கூப்பிட்டார்.

"தாசையன்றெ ஜாயின்ட்தான் மோசம். நாளை ரிப்போர்ட் எழுதப் போறேன்."

"மேடம், ஒழுங்காத்தான் முறுக்கினேன், சத்தியமாட்டு. இந்தப் புது லைனுக்குப் பிள்ளை பெத்தவளைவிடப் பத்தியம் கூடுதல். அதுக்கு நான் என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற தாணு உட்பட யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு ரிப்போர்ட் போனால் பட்டியலில் அவன் பெயர் இருக்காது.

தாணு பள்ளத்தில் இறங்கித் தாசையனின் இணைப்பைப் பிரித்துப் பார்த்தான். குறையே இல்லை. அங்கேயே குந்தியிருந்து அந்த ஜோடி வரும் வழியை மனதுக்குள் ஒவ்வொரு தெருவாகப் பின்னோக்கி நடந்தான். நயினார் அரிசி மண்டி இருந்த சந்துக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

1986இல் நயினார் கடையைத் தற்காலிகமாக அடுத்த தெருவுக்கு மாற்றினார். போனுக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டிய காலம். "திரும்பி வருவோம் தாணு, பழசை அறுத்திராதே," என்றார். தாணு அதே ஜோடியிலிருந்து புது இடத்துக்குக் கம்பி இழுத்தான், பழசை அறுக்கவில்லை. முந்நூறு மீட்டர்க் கிளை, முனை திறந்தபடி மண்ணுக்குள் கிடந்தது. நயினார் திரும்பவே இல்லை. அந்த ஜோடி கைமாறிக் கைமாறி இப்போது ஸ்கேன் சென்டருக்கு வந்திருந்தது, பழைய கிளை மட்டும் அப்படியே நின்றது. வெறும் பேச்சுக்கு அந்தக் கிளை ஒரு தொந்தரவும் செய்யாது. டிஜிட்டல் சிக்னலோ அதற்குள்ளும் போய் முட்டித் திரும்பிவரும். மழையில் முனை நனைந்தால் தீர்ந்தது.

சத்தமில்லாமல் போய் அறுத்துவிடலாம். அடுத்த வாரம் அவனுக்குப் பதவி உயர்வு நேர்முகம். தாணு நேராக அஜிதாவின் மேஜைக்குப் போனான்.

"தாசையன் பேரை எழுதாதீங்க மேடம். தப்பு என்னுதாக்கும்." சந்தில் கிடக்கும் கிளையைப் பற்றிச் சொன்னான்.

அஜிதா கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, பதிமூணு வருஷம் ஆயில்லே? ஆரு கேட்கப் போறா? அறுத்துட்டுச் சும்மா இருந்தா மதி, போதும்."

"லைன் சரியாகும். ஆனா தாசையன் ஜாயின்ட் கெட்டதாலேன்னுதானே ரிப்போர்ட்டுக் கடலாசிலே கிடக்கும்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தான். மறுநாள் தோண்டிக் கிளையை அறுத்தார்கள். அன்று சாயங்காலம் கொட்டிய மழையிலும் ஸ்கேன் சென்டரிலிருந்து படம் போயிற்று.

தாணுவுக்கு மெமோ வந்தது. நேர்முகப் பட்டியலில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். உயர்வு கிடைக்க 2002 ஆயிற்று. ஆனால் அந்த 1999 நவம்பரிலேயே நிரந்தர ஆர்டரை வாங்கிய தாசையன், அதை முதலில் தாணுவின் கையில் கொடுத்தான். தாணு ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"பிறந்த தேதி சரிதானே?"

"சரிதான் அண்ணே."

"அப்போ பத்திரமா வை," என்று மடித்துக் கொடுத்தான்.