அளவுச் சைக்கிள்

டேப்பு என்று கேட்டால்தான் அந்தத் தையற்கடைக்காரரின் வீட்டைக் காட்டுவார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும்போதுகூட அதைக் கழற்ற மறந்துவிடுவார், அது பின்னால் பறந்துகொண்டே போகும்.

வயது ஐம்பத்திரண்டு. சைக்கிளுக்கு இருபத்தெட்டு. நீல நிறம், வளைந்த ஹேண்டில், விரல் தடிமனில் டயர். அடடா, அது வந்த புதிதில் என்ன ஆட்டம் போட்டார்! நண்பனோடு அணைவரை போய்த் திரும்புவார். நண்பன் வீட்டு மாடியில் அவன் தங்கை கடிகாரத்தோடு நிற்பாள். "நாப்பத்தொரு நிமிஷம்! போன வாரத்தைவிட ரெண்டு நிமிஷம் லேட்டு!" என்று தெருவே கேட்கக் கத்துவாள். அந்தக் குரலுக்காகத்தான் மனுஷன் மூச்சிரைக்க மிதித்தார் என்பது தெருவுக்கே தெரியும். அவள் அண்ணனுக்கு மட்டும் கடைசியில்தான் உறைத்தது. நண்பன் மச்சான் ஆனான், தங்கை மனைவி ஆனாள்.

இப்போது வினை வலது கையில் வந்தது. ஞாயிறு ஓட்டிவிட்டு வந்தால் விரல்கள் மரத்துப்போய், திங்கள் காலை ஊசியில் நூல் கோக்க வருவதில்லை. கடைக்கு டீ கொண்டுவரும் மனைவிதான் நாக்கால் நூல் நுனியை ஈரமாக்கிக் கோத்துக் கொடுப்பாள். எக்கிக் குனிந்து ஓட்டுவதால் வரும் வினை இது, இப்படியே போனால் கத்திரியைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஓட்டுறதை விடுங்க, இல்ல வேற சைக்கிளாவது வாங்குங்க. கை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"வயசாயிடுச்சு மாப்ளே. மெத்து மெத்துன்னு சீட்டு வச்சு, நிமிர்ந்து உட்கார்ந்து போற மாதிரி ஒண்ணு வாங்கு" என்றான் மச்சான்.

"அதுல காய்கறி வாங்கத்தான் போகலாம்!" டேப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அணைப் பாதையை விட்டால் தன் இளமையையும் சேர்த்து விட்ட மாதிரி என்று அவருக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

மனைவியோடு சைக்கிள் கடைக்குப் போனார். பழைய நீலத்தையும் உருட்டிக்கொண்டே போனார்.

"இதே அளவுல புதுசு ஒண்ணு வேணும்மா. உட்காரச் சுகமா இருக்கணும், வேகமும் குறையக் கூடாது."

கடைக்காரப் பெண் சைக்கிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இது யாரோட அளவு அண்ணே?"

"என்னோடதுதான்."

"எப்ப எடுத்தது?"

டேப்பு கழுத்திலிருந்த அளவு டேப்பைத் தொட்டுப் பார்த்தார். ஐயையோ, இது அவருடைய கேள்வியல்லவா! கல்யாணத்தன்று போட்ட சட்டையை அளவுச் சட்டையாகக் கொண்டுவந்து, "இதே மாதிரி தைங்க" என்று தொப்பையை எக்கி நிற்பவர்களிடம் அவர் தினமும் கேட்பது. எத்தனை பேரை நெளிய வைத்திருக்கிறார்!

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"நேரா நில்லுங்க."

ஊரையே அளந்தவரை அதுவரை யாரும் அளந்ததில்லை. தோள், கை, முதுகு, கால் என்று ஒவ்வொன்றாக அவள் சொல்ல, கடைக்காரப் பெண் எழுதிக்கொண்டாள். முதுகுக்கு வந்ததும் மனைவியின் கை நின்றது. "ரொம்பத்தான் கூன் போட்டுட்டீங்க" என்றாள் தணிந்த குரலில். டேப்பு முதுகை நிமிர்த்தப் பார்த்தார்.

அந்த அளவுக்குப் பொருந்தியது ஒரு சாம்பல் நிற சைக்கிள். லேசான எடை, அதே வளைந்த ஹேண்டில். ஆனால் பழையதைவிட நாலு விரல் கூடுதல் உயரத்தில், கைக்கு எட்டும் கிட்டத்தில். டயர் அகலம்.

"இவ்வளவு அகல டயர் வேகத்தை இழுக்காதா?"

"இழுக்காது அண்ணே. உங்க பழைய ஒல்லி டயர் குழியில தூக்கித் தூக்கிப் போடுது பாருங்க, அதுலதான் வேகமும் போகுது, கையும் போகுது."

ஞாயிறு காலை. மச்சானை அணை ஏற்றத்திலேயே விட்டுவிட்டு டேப்பு வந்து சேர்ந்தார். வாசலில் மனைவி.

"நாப்பத்தெட்டு! பழைய கணக்குக்கு ஏழு நிமிஷம் லேட்டு!"

"ஏழுதானே!" என்று இறங்கி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பத்தும் சொன்னபடி கேட்டன.

மறுநாள் காலை கடையில் முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போனது. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தார். அப்போது டீயோடு வந்த மனைவி, தம்ளரை வைத்துவிட்டு, பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"குடுங்க."

டேப்பு முதுகைத் திருப்பிக்கொண்டு, கோத்த நூலை உருவிவிட்டு, ஊசியையும் நூலையும் அவள் கையில் கொடுத்தார்.