காக்கா வேண்டாம் என்று சொன்ன ஆர்டர்

எங்கள் கீழக்கரைப் பேச்சில் அண்ணனைக் காக்கா என்போம். என் காக்கா புனேயில் தொழிற்சாலைகளுக்குச் சாமான் சப்ளை செய்துகொண்டிருந்தார். கையுறை, பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட் என்று ஆரம்பித்தது, போகப் போகத் துடைப்பம், டீக் கப், தீபாவளிப் பரிசுப் பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத ஆள் என்று பெயர் எடுத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அதே புனேயில், விமான் நகரில் ஒரு ஹோட்டலின் விற்பனைப் பிரிவில் இருந்த அவருடைய தங்கை நான், வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தேன். சேர்ந்த புதிதிலேயே ஒரு வாடிக்கையாளர் கையைவிட்டுப் போனார். புனேக்கு வெளியே தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் இடத்துக்கு அவசரமாகக் கையுறை வேண்டும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே வேன். அது துடைப்பக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் நெரிசலில் நின்றது. அவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள், பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை.

அன்று சாயங்காலம் டிரைவரிடம், "நம்ம தொழில் என்ன?" என்று இந்தியில் கேட்டேன். "வண்டி ஓட்டுறது" என்றார். காக்காவிடம் கேட்டேன். "கேட்டதக் கொடுக்கிறது" என்றார். ஆளுக்கொரு பதில்.

ஒரு வாரம் உட்கார்ந்து, பழைய ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில் அழகாக ஒரு திட்டம் தயாரித்தேன். அம்புக்குறிகள், வட்டங்கள் எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, சாங்வியில் இருந்த எங்கள் குடோனில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து காக்கா அதைப் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. நாளைக்குக் காலைல நான் என்ன செய்யணும், அதச் சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் திட்டத்தில் நாளைக் காலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"எந்தச் சாமானுக்கு நம்மளத் தேடி வர்றாங்க காக்கா? துடைப்பம் யாருகிட்டயும் கிடைக்கும். தளேகாவுல கையுறை இல்லாட்டி மிஷினே நின்னுபோவும்."

"அப்ப அத மட்டும் பாப்பமுங்கிறியா?"

"அத மட்டும். கேட்ட அன்னைக்கே கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"மத்ததெல்லாம்?"

"விட்டுடணும்."

வெகுநேரம் வாதாடினோம். சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, "சரி" என்றார். தளேகாவ் ஆலைகளுக்குப் பாதுகாப்புச் சாமான், கேட்ட அன்றே. வேறெதுவும் இல்லை. மறுநாள் காலையிலேயே டீக் கப்புகளையும் துடைப்பங்களையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் வேன் தினமும் சரக்கோடு தளேகாவைச் சுற்றி வர வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னோம். "சும்மா சுத்தவா?" என்று அவர் சிரித்தார்.

அந்த வருஷ மழைக்காலம் இன்னும் விடவில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. தளேகாவில் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளரான ஆலையிலிருந்து பர்ச்சேஸ் அதிகாரி கூப்பிட்டார். வருஷாவருஷம் நாங்கள் கொடுக்கும் பரிசுப் பெட்டிகள், இந்தத் தடவை எல்லாத் தொழிலாளிகளுக்கும் வேண்டும் என்றார். காக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஒத்துக்கொண்டிருந்தால் நான் தடுத்திருக்கவும் மாட்டேன்.

"சாப், அது இப்ப நாங்க செய்றதில்ல," என்றார் இந்தியில். "கையுறை, ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி எது வேணும்னாலும் சொல்லுங்க, இன்னைக்கே வரும்."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். காக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். அதன் பிறகு வந்த நாட்களில் காலியான அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த மழையிலேயே அதே ஆலையின் ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த கையுறைகளும் ஷூக்களும் ஊறிப்போயின. அதே அதிகாரி கூப்பிட்டார், குரலில் பதற்றம். எங்கள் வேன் அப்போது தளேகாவிலேயே, சரக்கோடு, ரயில்வே கேட் அருகில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஷிப்டு உள்ளே நுழையும் முன்பே டிரைவர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். அங்கிருந்தபடியே போன் செய்து, நாங்கள் கேட்காமலே, "மேடம், கொடுத்தாச்சு, ஒருத்தர்கூட வெறுங்கையோட நிக்கல" என்றார். அவர் குரலில் அவ்வளவு கம்பீரத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுவாரம் அந்த அதிகாரி, தங்கள் மற்ற ஆலைகளுக்கும் இனி பாதுகாப்புச் சாமான் எங்களிடம்தான் என்றார். பரிசுப் பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

இப்போது தளேகாவிலேயே ஒரு சின்ன குடோன் பிடித்திருக்கிறோம், இரண்டாவது வேனும் ஓடுகிறது. திட்டம் போட்டது நான் என்று காக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். காகிதத்தில் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. பல வருஷம் சேர்த்த பெயரை ஒரு போன் பேச்சில் பணயம் வைத்தவர் அவர். என் காக்காவை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.