அக்கா குளிக்கப் போன நேரம்

என் அக்கா ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். சும்மா சமையல்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். அங்கே இரண்டு அடுப்பு வரிசைகள் உண்டு. ஒன்று சாதாரண நோயாளிகளுக்கு. இன்னொன்று, உப்பே ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு. அந்த இரண்டாவது வரிசை அக்காவுடையது. அந்தப் பக்கம் உப்பு டப்பாவே வரக்கூடாது. முதல் வரிசைக் கரண்டி ஒன்று தெரியாமல் அவள் மேடைக்கு வந்துவிட்டது என்பதற்காக, முப்பது பேருக்குக் காய்ச்சிய கஞ்சியை அப்படியே கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து காய்ச்சியவள். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து போன தட்டு ஒன்றுகூட மாறிப் போனதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டுமே, அவளுக்கு வேறு என்ன இருக்கிறது பெருமைப்பட?

அங்கே சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக்கூடாது. அதற்கென்று மேற்பார்வைக்கு ஒரு அம்மா இருக்கிறார். ருசியே பார்க்காமல் சமைத்துச் சமைத்து, அக்காவுக்கு உப்பு என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. வீட்டிலும் அதே கைதான். பெரிய பானை நிறைய சூப்புக்கு அரை ஸ்பூன் உப்பு போட்டுவிட்டு, கொஞ்சம் கூடிப்போச்சோ என்று கவலைப்படுவாள். அத்தான் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கட்டின பாவத்துக்குச் சாப்பிடுகிறார் என்று நான்தான் கிண்டல் செய்வேன்.

ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அக்கா கைக்கு எங்கிருந்தோ ருசி வந்துவிடும். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு வாய் நீளம். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. தையல் மிஷின் ஓடுகிறதோ இல்லையோ, என் வாய் ஓடும். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான். அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் எல்லாமே கைவேலை. கடையில் வாங்கிய பொருள் வாசல்படி ஏறக்கூடாது. பழைய காலண்டர் தாளில் நட்சத்திரம், செருப்பு அட்டைப்பெட்டியில் குடில், அத்தான் செதுக்கிய மர ஆட்டுக்குட்டிகள். அதில் ஒன்றுக்கு மூன்று கால்தான். அதைச் சுவரில் சாய்த்து நிறுத்துவார். என் மகள் போன வருஷத்து உல்லனைப் பிரித்து எல்லோருக்கும் காலுறை பின்னுவாள். அக்கா விடிகாலையிலேயே அடுப்பைப் பற்றவைத்து சூப், கோழி ரோஸ்ட், குழம்பு, உருளைக்கிழங்கு எல்லாம் முடித்துவிட்டு, பதினொரு மணிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவாள். தலை குளித்து, துவட்டி, புதுப்புடவை கட்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குள் நுழைவேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உப்பைப் போட்டு, கிளறி, ருசி பார்த்து, மறுபடி போட்டு, மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி முன்னறையில் உட்கார்ந்துகொள்வேன்.

முதல் வருஷம் விளையாட்டாகத்தான் செய்தேன். அன்று அக்காவின் இரண்டு பையன்களும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். அக்கா கரண்டியைப் பிடித்தபடி வாயெல்லாம் பல்லாக நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. எல்லோரும் அக்காவைப் புகழும்போது, நல்லா இருங்கடா, இது யார் கைவண்ணம் தெரியுமா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்பு அத்தானுக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அத்தானுக்கு யாராவது தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டினால் பிடிக்காது. அக்காவும் யோசித்திருக்கிறாள். சமைக்கப்போவது நான்தானே, இந்தத் தடவை அந்த அரை ஸ்பூனும் போடவேண்டாம், எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடட்டும், அவரைத் தனியாக நோயாளி மாதிரி உட்காரவைக்க வேண்டாம் என்று.

அந்த வருஷம் சூப்பை ருசி பார்த்தபோது, என்ன இது, வழக்கத்தைவிட மோசமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதனால் வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டேன்.

அன்று மதியம் எல்லோரும் காலுறை மாட்டிக்கொண்டு ஒட்டி ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம். வெளியே குளிர், உள்ளே சிரிப்பு. அத்தான் முதல் வாய் சூப் குடித்ததும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஒரு மாதிரி வெட்கத்தோடு சிரித்தார். பிறகு மூன்று கிண்ணம் குடித்தார். ரோஸ்ட்டில் ஊறிய குழம்பை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். அக்கா பரிமாறிவிட்டு உட்கார்ந்தபோது பாத்திரத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. அவள் பாலில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டாள். ஒரு வாய் அவளுக்கு எடுத்து வைத்திருந்தால் அங்கேயே எல்லாம் வெளிப்பட்டிருக்கும். அதற்குக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அத்தானால் மூச்சு விட முடியவில்லை. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டது. அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எடுத்த எடுப்பில் உப்பு எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டார். ஒரு கல் உப்புகூட இல்லை, நான்தான் சமைத்தேன் என்றாள் அக்கா. அதற்கு வாய்ப்பே இல்லை என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வாயைத் திறந்திருக்க வேண்டியது அந்த நிமிஷம்தான். திறக்கவில்லை. நாள் பூராவும் ஓடுகிற வாய், அன்று ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் அத்தான் தேறி உட்கார்ந்தார். இனிப் பயமில்லை என்றார்கள். நான் தனியாக இருந்தபோது கையைக் காட்டி அருகில் கூப்பிட்டார்.

"உங்க அக்கா பாவம், மனசு கேக்காம எனக்காக ஒரு நாளைக்கு உப்பு போட்டுட்டா. நான் கடையில சிப்ஸ் வாங்கித் தின்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு, என்ன?"

தலையை ஆட்டினேன். என்னைப் போல் ஒரு பாவி இருப்பாளா என்று இருந்தது. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் மதியம் அக்கா வரச் சொன்னாள். போனேன். சமையலறை மேஜையில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கடிதம் எழுதுவது நான்தான். உட்காரச் சொன்னாள். ஆஸ்பத்திரி மேற்பார்வை அம்மாவுக்கு எழுத வேண்டும் என்றாள். நான் எழுத எழுத, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். உப்பில்லா வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன், என் கை மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பேனா நின்றுவிட்டது.

"எழுதுடி."

"எதுக்குக்கா இதெல்லாம்? அத்தான்தான் சிப்ஸ் தின்னாராமே" என்றேன். அப்போதுகூடத் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

"அவர் அன்னைக்கு வாசலே தாண்டல. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு. என் கைதான் என்னை அறியாம போட்டிருக்கு. எனக்கே ஞாபகம் இல்ல. வீட்டுல நடந்தது நாளைக்கு வார்டுல நடந்தா? முப்பது பேருடி அங்க."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடைய கையோ அவளிடம் வந்துவிட்டது போலப் பார்த்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீ போடலக்கா. நான் போட்டேன்."

சொல்லிவிட்டேன். நீ குளிக்கப் போன நேரத்தில் போட்டேன், அத்தான் விஷயம் சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அக்கா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நெஞ்சு இறங்க ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்ப என் கை தப்பு பண்ணல."

"இல்லக்கா."

தாளை எடுத்து நான்காகக் கிழித்தாள். அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வருஷம் மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான்கு நாளாகப் பொய்யிலேயே கிடந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"எல்லா வருஷமும்கா."

"சம்பந்தியம்மா வந்து சூப் எப்படி வெக்கறதுன்னு கேட்டாங்களே, அந்த வருஷமா?"

"அந்த வருஷமும்தான்."

"பெரியவன் ரெண்டு வருஷம் கழிச்சு ஊர்லேர்ந்து வந்து, அம்மா உன் சமையலுக்குத்தான் வந்தேன்னு சொன்னான். அன்னைக்கு?"

நான் மேஜையில் கிடந்த தாள் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தேன். அவள் எழுந்து முகம் கழுவினாள். வேலைக்கு நேரமாகிறது என்று ஏப்ரனை மடித்துப் பையில் வைத்தாள். அன்று மாலை அத்தானுக்குப் போகும் தட்டும் அவள் வரிசையில்தான் தயாராக வேண்டும். நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை. என் மகளிடம் பேசுவது போல அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீயே சமைச்சிடு. பிள்ளைங்க நல்லா சாப்பிடட்டும்."