விடைபெறாமல் புறப்பட்ட நினைவுநாள்

"வெள்ளைக்காரருக்கு முன்னால நீ என்ன பிள்ளை கதைக்கப் போறாய்?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். கதைத்தேன்.

நாங்கள் குடியேறிய ஹென்டர்சன் நகரில் ஒரு மண்டபம். சில ஆண்டுகளுக்கு முன் மலையில் பரவிய காட்டுத்தீயில் தப்பியவர்கள் அதன் நினைவுநாளுக்குக் கூடியிருந்தோம். எங்களைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்களை அழைத்துவரத் திரும்பிப் போன பக்கத்து வீட்டுக்காரர் அன்று இறந்துபோனார். அவரைப் பற்றிப் பேசி முடித்ததும், செத்தவீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன்.

அவருடைய மனைவி ஜோன் பின்னாலேயே வந்தார். "எங்களோடு ஏதும் கோபமா?"

"இல்லை அன்ரி. துக்க வீட்டில் 'போயிட்டு வாறன்' எண்டு நாங்கள் சொல்லமாட்டம். இன்னொரு சாவுக்கு வாற மாதிரி ஆகிவிடும்."

"நீயும் வராவிட்டால், அவரைப் பற்றி நான் யாரோடு பேசுவது?"

திரும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தேன்.

"வாறன், அன்ரி," என்றேன்.

அடுத்த ஆண்டுக்கு அந்த மண்டபத்தை என் பெயரில் பதிவு செய்துவிட்டேன்.